ஐஸ் வைத்த வீடு!

ஜூஸ் கடைக்காரர் சாத்துக்குடியைப் பிழிந்தபடி உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். 'ஐஸ் போடலாமா?' நீங்களும் தொண்டையை ஒருமுறை செருமிப் பார்த்துவிட்டு, 'கொஞ்சமா போடுங்க' என்பீர்கள். உடனே சாக்குப் பையை விலக்கி, பெரிய கட்டியிலிருந்து 'டக் டக்'கென்று நாலு துண்டு உடைத்து டம்ளரில் போடுவார். மூன்று துண்டு உள்ளே விழும், ஒன்று தரையில் விழும். அதை யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு அற்பமான சரக்கு!

இப்போது 180 வருடங்கள் பின்னால் வாருங்கள். அதே மெட்ராஸ். அதே மே மாத வெயில். அன்றைக்கு இங்கே ஒரு துண்டு ஐஸ் வேண்டுமென்றால் அது எங்கிருந்து வரவேண்டும் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து! அதுவும் பாய்மரக் கப்பலில், சுமார் நாலு மாதம் பயணம் செய்து!

காதில் பூ சுற்றவில்லை. சாட்சிக்கு ஒரு கட்டடமே நிற்கிறது. மெரினா எதிரே, காமராஜர் சாலையில், முன்பக்கம் வளைந்து உருண்டையாகத் தெரியும் அந்த அழகான மாளிகைக்கு இன்றைய பெயர் 'விவேகானந்தர் இல்லம்'. ஆனால் அந்த வட்டாரத்துக்கே ஜனங்கள் வைத்த பெயர் 'ஐஸ் ஹவுஸ்'. பஸ்ஸில் டிக்கெட் கேட்டாலும் ஐஸ் ஹவுஸ்தான், போலீஸ் ஸ்டேஷனும் ஐஸ் ஹவுஸ் போலீஸ் ஸ்டேஷன்தான். பெயரைச் சொல்கிற ஆயிரம் பேரில் எத்தனை பேர், 'அது சரி, இங்கே ஏது ஐஸ்?' என்று கேட்டிருப்பார்கள்?

அமெரிக்கா போவதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். அதற்கு முன் இந்தியாவில் யாருக்கும் குளிர்ந்த தண்ணீரே கிடைக்கவில்லையா?

கிடைத்தது. சக்கரவர்த்தியாக இருந்தால்! அக்பருக்கு ஜில்லென்று தண்ணீர் குடிப்பது பிடிக்கும். துப்பாக்கி மருந்தில் சேர்க்கிற வெடியுப்பு இருக்கிறதே, அதைத் தண்ணீரில் கரைத்தால் அந்தத் தண்ணீர் சில்லிட்டுப் போகும். அதில் குடிநீர்ப் பாத்திரத்தை முக்கி வைத்துச் சுழற்றினார்கள். சூடு கிளப்பும் பொருளை வைத்தே குளிர்ச்சி உண்டாக்கிய அதிசயத்தை 'அயினி அக்பரி'யில் வியந்து எழுதியிருக்கிறார் அபுல் ஃபசல். 1580-களில் அக்பர் லாகூரில் தங்கியபோது, வடக்கே மலையிலிருந்து பனிக்கட்டியைச் சுமந்துவர ஆட்கள், படகுகள், வண்டிகள் என்று தனி ஏற்பாடே இருந்தது.

வடக்கே சாமானியர்களும் ஒரு தந்திரம் தெரிந்து வைத்திருந்தார்கள். அலகாபாத் பக்கம் டிசம்பர், ஜனவரி மாதங்களில், ஆழமில்லாத பெரிய குழி வெட்டி, அதில் கரும்புத் தட்டையும் காய்ந்த சோளத் தட்டையும் பரப்புவார்கள். மேலே வரிசை வரிசையாகச் சின்ன மண் தட்டுகள். அந்தி சாய்ந்ததும் தட்டுகளில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனால், பொழுது விடிவதற்குள் மேலே மெல்லிய ஐஸ் படிந்திருக்கும். காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்குப் போகாத ராத்திரியிலும் இது நடந்தது. தெளிவான வானத்தை நோக்கித் தண்ணீர் தன் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். தரையின் சூடு மேலே ஏறாமல் தட்டை தடுத்துவிடும். அதுதான் சூட்சுமம். சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதை நேரில் பார்த்து அசந்துபோய், 1775-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் இதழில் கட்டுரையே எழுதினார்.

ஆனால் நம் மெட்ராஸில் இந்த ஜம்பமெல்லாம் பலிக்காது. இங்கே மார்கழிக் குளிரே, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவுதான். மண்பானையும் வெட்டிவேரும்தான் நம்முடைய ஃப்ரிட்ஜ்.

இனி, அமெரிக்காவுக்குப் போகலாம். அங்கே பாஸ்டன் நகரில் ஒரு 'பைத்தியக்காரன்' காத்திருக்கிறான்.

பெயர் ஃபிரெடரிக் டியூடர். 1783-ல் பிறந்தவர். அப்பா வசதியான வக்கீல். சகோதரர்கள் ஹார்வர்டில் படிக்க, இவரோ பதிமூன்று வயதிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்கிவிட்டார். குளிர்காலத்தில் பாஸ்டன் பக்கத்துக் குளங்களெல்லாம் உறைந்து பாறையாகக் கிடக்கும். யாருக்கும் சொந்தமில்லாத, கேட்பாரற்ற ஐஸ். அதே நேரத்தில் தெற்கே, மேற்கிந்தியத் தீவுகளில் மனிதர்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்கிறார்கள். 'இங்கே வெட்டி அங்கே விற்றால் என்ன?' என்று டியூடருக்குத் தோன்றியது.

கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கப்பல்காரர்கள் சிரிக்கவில்லை, பயந்தார்கள். 'நடுக்கடலில் ஐஸ் உருகினால் கப்பலுக்குள்ளேயே வெள்ளம் வந்துவிடும்' என்று சொல்லி யாரும் சரக்கை ஏற்ற முன்வரவில்லை. மனிதர் அசரவில்லை. சொந்தக் காசில் ஒரு கப்பலையே வாங்கிவிட்டார்! 1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் ஐஸோடு மார்ட்டினிக் தீவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு 22 வயது. 'இது ஜோக் அல்ல' என்ற முன்னறிவிப்போடு உள்ளூர்ப் பத்திரிகை கிண்டலாகச் செய்தி போட்டது.

ஐஸ் உருகாமல் போய்ச் சேர்ந்தது. பிரச்னை அதற்குப் பிறகுதான். தீவு ஜனங்களுக்கு ஐஸை என்ன செய்வதென்றே தெரியவில்லை! ஒருவர் வாங்கிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தார். இன்னொருவர் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைத்தார். எல்லாம் உருகிவிட்டதும், 'உன் சரக்கு சரியில்லை' என்று டியூடரிடமே சண்டைக்கு வந்தார்கள். சேமித்து வைக்க ஊரில் ஒரு கிடங்கு கிடையாது. கப்பலில் இருந்தபடியே விற்கவேண்டிய நிலை. கண்ணெதிரே காசு தண்ணீராகக் கரைந்து ஓடியது. (நிஜமாகவே!)

ஆயிரக்கணக்கான டாலர் நஷ்டம். தொடர்ந்து கடன் மேல் கடன். 1812-லும் 1813-லும் கடனைக் கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். வெளியே வந்து ஹவானாவுக்குக் கப்பலேறப் போனபோது, துறைமுகம் வரை துரத்திக்கொண்டு வந்தார்கள் ஷெரீஃப் ஆட்கள்!

ஆனால் ஒவ்வொரு தோல்வியிலும் டியூடர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். முதல் பாடம், முதலில் கிடங்கு, பிறகுதான் கப்பல். இரண்டாவது, ருசி காட்டாமல் வியாபாரம் இல்லை. மதுக்கடைக்காரர்களுக்கு ஐஸை இனாமாகக் கொடுத்து, 'குளிர்ந்த பானத்தையும் அதே விலைக்கு விற்றுப் பாருங்கள்' என்றார். ஒரு வாரம் ஜில்லென்று குடித்துப் பழகியவன் மறுபடி வெதுவெதுப்பாகக் குடிக்கமாட்டான் என்பது அவர் கணக்கு. நாம் 'ஐஸ் வைக்கிறான்' என்று சொல்கிறோமே, அதை முதன்முதலில் நிஜமான ஐஸை வைத்தே செய்து காட்டியவர் அவராகத்தான் இருக்கவேண்டும்!

மூன்றாவது பாடம்தான் முக்கியமானது. ஐஸை எப்படிக் காப்பாற்றுவது? வைக்கோல், உமி என்று எதையெதையோ போட்டுப் பார்த்து, கடைசியில் மரத்தூளில் வந்து நின்றார். மர அறுவை ஆலைகளில் வீணாகக் குவிந்து கிடந்த குப்பை அது. பிறகு 1825-ல், அவரிடம் வேலை பார்த்த நதானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் 'ஐஸ் கலப்பை' ஒன்றைக் கண்டுபிடித்தார். வயலில் உழுவதுபோல உறைந்த குளத்தின்மேல் இதை ஓட்டினால், ஒரே அளவான சதுரக் கட்டிகளாக வெட்டி எடுக்கலாம். செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அதைவிட, செங்கல்போல இடைவெளியில்லாமல் அடுக்க முடிந்தது. இடைவெளி இல்லையென்றால் காற்று இல்லை, காற்று இல்லையென்றால் உருகலும் குறைவு.

இயற்கையும் டியூடர் கட்சிதான். ஒரு கிலோ ஐஸை வெறும் தண்ணீராக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதே வெப்பத்தைக் கொண்டு அந்த ஒரு கிலோ தண்ணீரைக் கிட்டத்தட்ட 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிடலாம். அவ்வளவு பிடிவாதமான பொருள் ஐஸ். அதிலும் மலைபோலக் குவித்துவிட்டால், வெளி அடுக்கு உருகுமே தவிர உள்ளே இருப்பதற்குச் சூடு சுலபத்தில் போய்ச் சேராது.

இந்தத் தைரியத்தில்தான் 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. இலக்கு கல்கத்தா! நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, ஏறத்தாழ 16,000 மைல். செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் பத்திரமாக இருந்தது!

ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. அரசாங்கம் சுங்க வரியை ரத்து செய்தது. வெயிலில் வீணாகக் கூடாதென்று ராத்திரியில் சரக்கு இறக்க அனுமதி தந்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க், ஐஸைக் கொண்டுவந்த வியாபாரிக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். வெள்ளைக்காரர்கள் வசூல் போட்டு ஒரு ஐஸ் கிடங்கே கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

பம்பாயில் இன்னொரு வேடிக்கை. ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பெரிய பார்சி வணிகர், விருந்தில் ஐஸ்க்ரீம் பரிமாறினார். மறுநாள் விருந்து கொடுத்தவருக்கும் சாப்பிட்டவர்களுக்கும் ஜலதோஷம் பிடித்துக்கொண்டதாகவும், ஒரு பத்திரிகை 'நன்றாக வேண்டும்' என்கிற தொனியில் எழுதியதாகவும் சொல்வார்கள். 'ஐஸ் சாப்பிட்டா சளி பிடிக்கும்' என்று உங்கள் பாட்டி சொன்னதற்கு எவ்வளவு நீண்ட பரம்பரை பாருங்கள்!

டியூடருக்கு இதில் எப்படிக் கட்டுப்படியாயிற்று? இந்தியாவிலிருந்து பருத்தி, தோல், அவுரி என்று சரக்கு வாங்கிப்போக வந்த அமெரிக்கக் கப்பல்கள், வரும்போது பெரும்பாலும் காலியாகவே வந்தன. காலிக் கப்பல் கடலில் ஆடும் என்பதால், கனத்துக்காகக் கல்லை ஏற்றிக்கொண்டு வருவார்கள். 'கல்லுக்குப் பதில் என் ஐஸை ஏற்றிக்கொள்ளுங்கள்' என்றார் டியூடர். கூலி சல்லிசு. காபி வியாபாரத்தில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டு பெருங்கடனில் மூழ்கிக் கிடந்தவரைக் கரையேற்றியது இந்தியாவின் வெயில்தான்!

மெட்ராஸுக்கு வருவோம். டியூடரின் கம்பெனிக்காக ஐஸ் ஹவுஸ் எழும்பியது 1842-ல். ஏன் கடற்கரையில்? அன்றைக்கு மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகள்தான் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சரக்கை இறக்கி வரவேண்டும். மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளம், அலையில் எகிறும் படகில் வந்து, கூலியாட்களின் முதுகில் ஏறி, நேராகக் கிடங்குக்குப் போகும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். இன்றைக்குச் சாலையிலிருந்து அலையைத் தொட ரொம்ப தூரம் நடக்கவேண்டியிருக்கிறது அல்லவா? இவ்வளவு மணல் அப்போது இல்லை. பின்னால் துறைமுகம் கட்டியதால் ஒதுங்கிய மணல்தான் இன்றைய அகலமான மெரினா.

ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயில், கொதிக்கும் மணல். முதுகில் அமெரிக்கக் குளிர்! வழியெல்லாம் அந்த முதுகில் சொட்டிய தண்ணீர்தான் சுமந்தவருக்குக் கிடைத்த பங்கு. துரைமார்களின் விருந்து மேஜைக்கும், காய்ச்சல் கண்ட சீமான்களின் நெற்றிக்கும், சில உள்ளூர்ப் பணக்காரர்கள் வீட்டுக்கும் போனது ஐஸ். காசு இருந்தால்தான் குளிர்ச்சி.

இந்தக் கதையில் இன்னொரு பெரிய மனிதர் எட்டிப் பார்க்கிறார். ஹென்றி டேவிட் தோரோ. வரி கட்டமாட்டேன் என்று 1846-ல் ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்து, பின்னாளில் காந்திஜியையே கவர்ந்த அதே தோரோ. பாஸ்டனுக்குப் பக்கத்தில் வால்டன் என்ற குளக்கரையில் குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்துகொண்டிருந்தார். 1846-47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்துத் தொழிலாளர்கள் வந்திறங்கி, அவருடைய குளத்தின் 'தோலை உரிக்க' ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் டியூடரின் ஆட்கள்!

தோரோ கோபப்படவில்லை. காலையில் பகவத் கீதை படிக்கிற மனிதர் அவர். 'என் குளத்துத் தண்ணீரை மெட்ராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடிக்கப்போகிறார்கள், கங்கைத் தண்ணீரோடு இது கலக்கப்போகிறது' என்கிற பொருளில் தன் 'வால்டன்' புத்தகத்தில் பூரித்துப்போய் எழுதினார். ஆனால் அதே புத்தகத்தில் அவரே இன்னொரு தகவலும் தருகிறார். அந்தக் குளிர்காலத்தில் வெட்டிக் குவித்தது சுமார் 10,000 டன். அதில் ஒரு பகுதியைத்தான் எடுத்துப் போனார்கள். மற்றதெல்லாம் அங்கேயே, 35 அடி உயரத்துக்குக் குவித்த இடத்திலேயே, வெயிலில் கிடந்தது. முழுக்க உருகி முடிய 1848 செப்டம்பர் ஆயிற்று! பெரும்பாலான ஐஸ் மெட்ராஸுக்கு வரவில்லை, பிறந்த குளத்துக்கே திரும்பிவிட்டது.

டியூடர் 1864-ல், 80 வயதில் பணக்காரராகவே காலமானார். 'ஐஸ் ராஜா' என்று பட்டம். அவர் சாம்ராஜ்யத்தை வெயில் அழிக்கவில்லை. நீராவி அழித்தது! 1870-களில் நீராவி இயந்திரம் வைத்து இந்தியாவிலேயே ஐஸ் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் எதற்குப் பாஸ்டன் கப்பல்?

காலியாகிப்போன கிடங்குகளுக்கு என்ன ஆயிற்று? கல்கத்தா ஐஸ் ஹவுஸ் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். பம்பாயிலும் அதே கதி. மூன்றில் மிஞ்சியது நம்முடையது மட்டும்தான். அதற்குக் காரணம், இந்தக் கட்டடத்துக்கு அடுத்தடுத்து நல்ல ஆட்கள் குடிவந்ததுதான்.

முதலில் பிலிகிரி ஐயங்கார் என்ற ஹைகோர்ட் வக்கீல் வாங்கினார். ஐஸ் கிடங்கில் மனிதன் எப்படி வசிப்பது? வெப்பம் உள்ளே போகாமல் கட்டிய கட்டடத்தில் காற்று மட்டும் எப்படிப் போகும்? அவர் ஜன்னல்கள் திறந்தார், தாழ்வாரம் கட்டினார். தன் நண்பரான நீதிபதி கெர்னன் நினைவாக 'காஸில் கெர்னன்' என்று பெயரும் வைத்தார். 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தரை எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து ஊர்வலமாக அழைத்து வந்தது இங்கேதான். குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே வண்டியை இழுத்தார்களாம்! ஒன்பது நாள் தங்கினார். அவர் அனுப்பிவைத்த ராமகிருஷ்ணானந்தர் சில ஆண்டுகள் இங்கேயே மடம் நடத்தினார். ஐயங்கார் காலமான பிறகு, 1906-ல் வீடு ஏலத்துக்குப் போய்விட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்த வீட்டின் வரலாற்றில் முக்கியமான அத்தியாயம் என்று எனக்குத் தோன்றும். 1886-ல் மயிலாப்பூரில் பிறந்த சுப்பலட்சுமிக்குப் பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளில் கணவர் போய்விட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு என்ன விதிக்கப்படும் என்று உங்களுக்குத் தெரியும். மொட்டைத் தலை, ஒரு புடவை, ஒரு இருட்டு மூலை, 'எதிரே வராதே' என்கிற அதட்டல். சுப்பலட்சுமியின் பெற்றோர் ஊர்ப் பேச்சைத் தூர வைத்துவிட்டு மகளைப் படிக்க வைத்தார்கள். 1911-ல் பட்டம் வாங்கினார். தன்னைப்போன்ற குழந்தைகளைத் தேடித்தேடிச் சேர்த்து, தங்க இடம் கொடுத்து, படிக்க வைத்து, ஆசிரியைகளாக்க ஆரம்பித்தார். சிஸ்டர் சுப்பலட்சுமியின் அந்த விடுதிக்குப் பெரிய இடம் தேவைப்பட்டபோது கிடைத்தது இந்த ஐஸ் ஹவுஸ். 1917-ல் அரசாங்கமே இந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டது.

துரைமாரின் கோப்பைக்காகக் கட்டிய கிடங்கில், வீட்டு மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அங்கே படித்தவர்கள் டீச்சர் வேலைக்குப் போய்ச் சொந்தக் காசில் சாப்பிட்டார்கள். அவர்களிடம் படித்த குழந்தைகள் எத்தனை ஆயிரமோ! டியூடர் கனவில்கூட நினைத்துப் பார்த்திருக்க முடியாத லாபம் இது.

1963-ல், விவேகானந்தரின் நூற்றாண்டில், அரசாங்கம் இதற்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் வைத்தது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்கு வந்து, இப்போது உள்ளே கண்காட்சி இருக்கிறது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், சுண்டல் வாங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று அந்த வீட்டின் ஜன்னல்களைப் பாருங்கள். கட்டியபோது இருந்தவை அல்ல அவை. ஐஸுக்கு ஜன்னல் தேவைப்படவில்லை. மனிதர்கள் வந்த பிறகுதான் அவற்றைத் திறந்தார்கள்.